நோயறிந்த மருத்துவர் மொழியறியாரோ?



ஐந்தருவியில் வெள்ளம் பெருகினால் காவலர் இரண்டே சொற்களில் அறிவிக்கின்றனர்: ‘குளிக்கத் தடை!’ எழுத்தறியாத கிழவியும் அதனை உணர்ந்து ஒதுங்கி நிற்கின்றாள். ஏன் தடையென வினவினால், மலைமேல் மழை, நீரோடு கல்லும் மரமும் உருண்டு வருமென விடையும் தமிழிலேயே கிடைக்கின்றது. 2020-இல் கொரோனா எனப்பட்ட மகுடைத் தொற்று வந்தபோது, அதே அருவி சாரற் காலத்தில் ஆளரவமின்றிக் கிடந்தது. தென்காசி தனி மாவட்டமாகி நான்கு திங்களே கழிந்திருந்த வேளையில் ஊரடங்கு வந்தது. அருவிக்கு இட்ட தடை மக்களுக்கு விளங்கிற்று. மருத்துவமனைக்குள் நடந்தது விளங்கிற்றா?

விளங்கவில்லை என்பதற்கு இரெம்டெசிவிர் என்னும் ஊசிமருந்தே சான்று. மருத்துவமனையில் கிடக்கும் மகுடை நோயாளர்க்கு அதனைத் தருமாறு பரிந்துரைப்பதற்கில்லை என்று உலக நலவாழ்வு அமைப்பு 2020 நவம்பர் 20-ஆம் நாளே அறிவித்துவிட்டது. உயிர் காக்கும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்பதே அதன் முடிவு. ஐந்து திங்கள் கழித்து, 2021 ஏப்பிரல் இறுதியில், கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாயிலில் அம்மருந்துக்காக நின்ற கூட்டத்தை நாடே கண்டது. மே திங்களில் அக்கூட்டம் நேரு விளையாட்டரங்கிற்கு மாறிற்று. தென்மாவட்டத்தார்க்கு நெல்லை மருத்துவக் கல்லூரியில் விற்பனை திறந்தனர். மூச்சுக்கு ஏங்கும் தந்தையை விட்டு மகன் வெயிலில் நின்றான். கூட்டம் கூடாதீர் என்று நாடோறும் முழங்கிய அரசின் கண்முன்னே, தொற்றுடையாரின் உறவினரெல்லாம் தோளோடு தோள் உரசி நின்றனர்! கள்ளச் சந்தையில் பன்மடங்கு விலைக்கு விற்றோர் சிறைப்பட்டனர். அது மாயமருந்தன்று என அரசின் நலவாழ்வுத் துறையே சொல்லியும் கூட்டம் குறைந்ததா? இல்லை. மருத்துவமனைகட்கே நேரே வழங்குவதென்று அரசு முடிவெடுத்த பின்னரே வரிசை கலைந்தது.

அவர்களை அங்கே கூட்டியது எது? மருத்துவர் எழுதித் தந்த சீட்டு! அச்சீட்டை எழுதினோர் எல்லாரும் அறியாமையால் எழுதினர் என்றால் நான் ஒப்பேன். ஒன்றும் செய்யவில்லை என்னும் பழிக்கு அஞ்சி எழுதினோர் பலர். ‘இது கிடைத்தாலும் பிழைப்பார் என்பது உறுதியன்று, கிடைக்காவிடினும் கலங்காதீர்’ என்று அருகமர்ந்து சொல்ல, ஆங்கிலத்திலேயே கற்று ஆங்கிலத்திலேயே எண்ணிப் பழகிய நாவுக்குச் சொல் வரவில்லை. சொல் வராத இடத்தில் சீட்டு வந்தது. அது மந்திரத் தகடாயிற்று. மூச்சுக்கருவி வேண்டாத நோயாளர்க்கு அம்மருந்தால் சிறுபயன் உண்டெனப் பின்வந்த ஆய்வு கண்டதை நான் மறைக்கவில்லை. அச்சிறுபயனுக்கோ கழுத்து நகை அடகுக் கடை ஏறியது?

விலை மலிந்த தெக்சாமெதாசோனின் கதையும் இதுவே. மூச்சுக்கருவி பொருத்தப்பட்டோரின் சாவை மூன்றில் ஒரு பங்கும், உயிர்வளி பெறுவோரின் சாவை ஐந்தில் ஒரு பங்கும் அது குறைக்குமென 2020 சூன் 16-இல் ஆக்சுபோர்டு ஆய்வர் வெளியிட்டனர். உயிர்வளி வேண்டாதார்க்கு அதனாற் பயனில்லை என்றும் அன்றே கூறினர். அப்பின்கூற்றைத் தமிழில் எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்? தொடக்கக் காய்ச்சலுக்கே அவ்வகை மருந்தை விழுங்கினோர் பலர். நீரிழிவும் அளவிறந்த அம்மருந்தும் கூடிய உடல்களில் 2021-இல் கரும்பூஞ்சை நோய் புகுந்து கண்ணையும் உயிரையும் பறித்தது.

மருத்துவர் உழைக்கவில்லை என்று எவன் சொல்வான்? உயிரையே கொடுத்தனர்! ஆனால் மக்களின் அறியாமை அவர்களையே திருப்பித் தாக்கியதையும் மறவாதீர். மகுடையால் 2020 ஏப்பிரல் 19-இல் சென்னையில் மாண்ட நரம்பு அறுவை மருத்துவர் சைமன் எர்க்குலிசின் உடலைப் புதைக்க விடாமல், கல்லும் கழியுமாய்க் கூட்டமொன்று வண்டியைத் தாக்கிற்று. உடன் பணியாற்றிய மருத்துவரே நள்ளிரவில் மண்ணள்ளிப் போட்டுப் புதைத்தார். ஈதென்ன கொடுமை! புதைத்த உடலினின்று நோய் பரவாது என்பதை மருத்துவ உலகம் அறியும். அந்தத் தெரு அறியவில்லை. கல்லெறிந்தோர் குற்றம் கல்லெறிந்தோர்க்கே. எனினும் அவர்கட்கு முன்கூட்டியே சொல்லாத குற்றம் எவர்க்கு?

நம்மவர் சிலரையும் ஈண்டுக் கடிய வேண்டும். கபசுரக் குடிநீர் இருக்க வேறெதுவும் வேண்டாவென மேடையேறி முழங்கினர். நம் மருந்தென்பதாலேயே நோய் தீர்ந்துவிடாது. ஆய்ந்து காட்டல் வேண்டும். ‘மகுடை’ என்று பெயர் சூட்டியதோடு தமிழ்ப்பணி முடிந்ததென்று உறங்கினோரையும் நானறிவேன்.

தமிழில் மருத்துவம் சொல்லவியலாது என்பாரை யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்கு அனுப்புக. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், தாமே தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்குவித்து, 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். அயலானுக்கு வந்த தமிழ் அம்பாசமுத்திரத்தானுக்கு வாராதோ?

நோயையும் மருந்தையும் நோயாளிக்குத் தமிழில் விளக்கிக் காட்டாத மாணவனுக்கு மருத்துவப் பட்டம் தரலாகாது. விடுகைச் சீட்டும் ஒப்புதல் தாளும் தமிழில் அமைதல் வேண்டும். வௌவால்வழி வரும் நிபா நோய் 2018 முதல் கேரளத்தில் மீண்டும் மீண்டும் தலைகாட்டியுள்ளது. நம் புளியரை எல்லையோ ஐந்தருவிக்கு அணித்தே உள்ளது. அந்நோயைப் பற்றிய விளக்கத்தாள் தமிழில் அணியமாக உளதா என்று உங்கள் ஊர் மருத்துவரை இத்திங்களே நேரிற் கேளுங்கள்!