தொப்பூர் வானத்துக்குச் சாட்சி யார்?

அமெரிக்கச் சமவெளியில் புயல் துரத்தப் போய்வந்தோம் என்று சொன்ன நாள்முதல் எங்களுக்கு இருவகை எதிர்வினைகள் வந்துகொண்டிருக்கின்றன. தின்று கொழுத்த தேசத்தின் பொழுதுபோக்கில் தமிழ் வாசகர்களுக்கு என்ன வேலை என்கிறார்கள் ஒரு சாரார். இன்னொரு சாரார் படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "நம் பக்கத்தில் அப்படியெல்லாம் எங்கே வருகிறது, இங்கே வெறும் மழைதானே" என்று பெருமூச்சு விடுகிறார்கள். முதல் சாராருக்கு விடை சொல்வது எளிது. இரண்டாம் சாராரின் அந்த 'வெறும் மழை'யோடுதான் எங்களுக்கு வழக்கு. எங்களில் இருவர் தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர்க் கணவாய்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆகவே இந்த வழக்கில் சொந்தக் கோபமும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

பயணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். மே மாதத்தில் பத்து நாட்கள். ஓக்லஹோமா, கான்சாஸ், டெக்சாஸின் வடகோடி. பத்தில் ஏழு நாட்கள் பெட்ரோல் நிலைய வாசல்களில், வானிலை வரைபடங்களைப் பார்த்தபடி கழிந்தன. 1996இல் வெளியான 'ட்விஸ்டர்' படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார். டொர்னேடோ எதையும் நாங்கள் காணவில்லை. கண்டது ஒரேயொரு சூப்பர்செல். அதாவது, அடிமுதல் நெடுந்தொலைவு மேல்வரை தன்னைத்தானே மெல்லச் சுற்றிக்கொண்டு நகரும் இடிமுகில். அதை வருணிக்கும் ஆசையை அடக்கிக்கொள்கிறோம். வருணனைகளுக்குத் தமிழில் என்றும் பஞ்சமில்லை.

எங்கள் மனத்தில் தங்கியது வேறு. முகில் கடந்தபின் சாலையோரக் கடையொன்றின் முன் ஒரு முதிய விவசாயி குனிந்து ஆலங்கட்டிகளைப் பொறுக்கினார். சட்டைப்பையிலிருந்து நாணயமொன்றை எடுத்து அருகில் வைத்து ஒப்பிட்டார். கைப்பேசியில் யாரிடமோ அளவையும் நேரத்தையும் திசையையும் சொன்னார். பிறகு காப்பி குடிக்கப் போய்விட்டார். அந்நாட்டு வானிலைத் துறை பயிற்சி கொடுத்து வைத்திருக்கும் தன்னார்வப் பார்வையாளர்களில் அவரும் ஒருவர் என்று பின்னர் அறிந்தோம்.

சாகசம் என்று நம்மவர் நினைக்கும் இந்தத் துரத்தலின் சரித்திரமே குறிப்பேட்டின் சரித்திரந்தான். வட டக்கோட்டாவைச் சேர்ந்த டேவிட் ஹோட்லி 1956இல் தம் காரில் புயல்களின் பின்னே போகத் தொடங்கினார். 1977இல் 'ஸ்டார்ம் ட்ராக்' என்னும் சிற்றிதழைத் தொடங்கினார். சிற்றிதழ் என்றதும் நம் நண்பர்களின் காதுகள் நிமிரும் என்பது தெரியும். ஆம், கவிதைக்கு நாம் நடத்தியது போலவே அவர்கள் முகில்களுக்கு இதழ் நடத்தினார்கள். 1997 ஜூலையில் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் பெருமழை கொட்டியது. ஒரே ஊருக்குள் மழையளவு தெருவுக்குத் தெரு வேறுபட்டதை அப்போது கண்டுகொண்டார்கள். மறு ஆண்டே வீட்டுக்கொல்லையில் மழைமானி வைத்து அளந்து சொல்லும் குடிமக்களின் வலையமைப்பு ஒன்றை அங்கே தொடங்கினார்கள்.

துரத்தலின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2013 மே 31 அன்று எல் ரெனோ என்ற ஊரருகே எழுந்த டொர்னேடோ 4 கிலோமீட்டருக்கு மேல் அகன்றது. பல ஆண்டுகளாகப் புயல்களின் பாதையில் கருவிகளை வைத்து ஆராய்ந்த டிம் சமாராஸ், அவருடைய மகன் பால், துணைவர் கார்ல் யங் ஆகிய மூவரும் அதில் இறந்தார்கள். அந்தச் சமவெளியில் மைலுக்கு ஒரு சாலை கட்டம் போட்டதுபோல் ஓடுகிறது; தப்ப எத்தனையோ வழிகள். அங்கேயே அந்தக் கதி. தொப்பூரில் சுங்கச்சாவடி தாண்டியதும் இறங்கும் ஒற்றை நெடுஞ்சாலை. முன்னும் பின்னும் சுமை ஏற்றிய லாரிகள். பிரேக் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை நாளேடு படிக்கும் எவரும் அறிவர். அங்கே வண்டியை நிறுத்திப் படம்பிடிக்கச் சொல்கிறவன் கொலைகாரன். ஆக, துரத்தலை இறக்குமதி செய்யும்படி நாங்கள் கேட்கவில்லை. நின்ற இடத்தில் நின்று கண்டு எழுதும் பழக்கத்தைத்தான் கேட்கிறோம்.

'வெறும் மழை'க்கு வருவோம். சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் இந்தப் பாறைநிலம் காய்கிறது. கிழக்கே வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, வடமேற்கின் வறண்ட காற்றை உள்மாவட்டங்களின் மேல் சந்திக்கிறது. சேர்வராயனும் சித்தேரியும் அதை மேலே தள்ளிவிடுகின்றன. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் முகில் கோபுரமாக எழுகிறது. அரைமணி நேரக் காற்றில் ஒரு பருவத்து மாங்காய் தரையில் கிடக்கிறது. வாழைத்தோப்பு படுத்துவிடுகிறது. மறுநாள் செய்தித்தாளில் 'சூறைக்காற்றுடன் மழை' என்று ஒற்றை வரி. அவ்வளவுதான். இதே கணவாயில் லாரி கவிழ்ந்தால் அரைப்பக்கம்.

விழுந்த வாழை எந்தத் திசையில் விழுந்தது என்று யாராவது எழுதினார்களா? கேட்டால் சிரிக்கிறார்கள். 1974இல் அமெரிக்காவில் ஒரே நாளில் டொர்னேடோக்கள் கூட்டமாகத் தாக்கியபின் தெட்சுயா ஃபுஜிட்டா விமானத்திலிருந்து விழுந்த மரங்களைப் பார்த்தார். சில இடங்களில் அவை சுழன்று விழாமல் ஒரு மையத்திலிருந்து நாற்புறமும் விரிந்து கிடந்தன. 1945இல் குண்டு விழுந்த நாகசாகியில் அவர் கண்ட காட்சியை அது நினைவூட்டியது. முகிலிலிருந்து நேரே தரையில் மோதிப் பரவும் காற்று ஒன்று உண்டு என்பதை அவர் நிறுவியது அந்த மரங்களைக் கொண்டுதான். நம்மூரில் இரண்டுக்கும் பெயர் சூறைக்காற்று.

"வானிலை ஆய்வு மையம் இருக்கிறதே, ராடார் இருக்கிறதே" என்பார்கள். சென்னை ராடாரும் காரைக்கால் ராடாரும் தொப்பூரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளன. பூமி வளைந்திருப்பதால் அவற்றின் கதிர் இங்கே வருவதற்குள் பல கிலோமீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. முகிலின் தலை தெரியும். காலடியில் நடப்பது தெரியாது. மழைமானிகளோ இருபத்துநான்கு மணிநேர மழையைக் காலை 8.30க்குச் சொல்லும். மேலும், மழைமானி இருக்கும் ஊரில்தான் பெய்யவேண்டும் என்று கோடைமுகிலுக்குக் கட்டாயம் எதுவும் இல்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. தொலைக்காட்சிகளின் புயல் துரத்தலைத் தமிழகமே அன்று கண்டது: கடற்கரையில் மழைக்கோட்டு அணிந்த செய்தியாளர், சாயும் குடை, அதே அலை மறுபடி மறுபடி. கரையிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில், டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் 50 செ.மீ. மழை பதிவாயிற்று, எங்கள் மாவட்டத்து அரூரில் 33 செ.மீ. சாலையோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் உருட்டிச் சென்றபிறகே கேமராக்கள் மேற்கே திரும்பின.

பதிவு என்பது இலக்கியவாதிகளின் ஆடம்பரம் அன்று. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டியால் நேரும் சேதத்தை 72 மணிநேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். ஆலங்கட்டியோ பத்து நிமிடத்தில் கரைந்துவிடும். நேரத்தோடு எடுத்த ஒரு படம், பக்கத்து ஊர்க்காரரின் குறிப்பேட்டில் அதே நாளில் ஒரு வரி இருந்தால் அதிகாரியின் மேசையில் பேச்சே வேறு.

இத்தனைக்கும் இது நடுகற்களின் நாடு. ஆநிரை கவர்ந்த பூசலில் விழுந்தவன் பெயரையும், எந்த அரசனின் எத்தனையாம் ஆண்டு என்பதையும் கல்லில் வெட்டி வைத்த நிலம். பக்கத்துச் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் கள்வரைக் கடித்து நின்ற நாய்க்குக்கூடப் பெயர் பொறித்த கல் உண்டு. அந்தப் பரம்பரையில் வந்துவிட்டு, போன சித்திரையில் எத்தனாம் தேதி கல்மழை பெய்தது என்று கேட்டால் "அது ஆயிற்று பல நாள்" என்கிறோம்.

நாணயத்தைத் தேடவேண்டியதும் இல்லை. புளியங்கொட்டை, நெல்லிக்காய், எலுமிச்சை என்று பாட்டிமார் சொன்ன அளவுகள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. வரும் பங்குனிக்குள் தொப்பூர், நல்லம்பள்ளி, மேச்சேரி மூன்றிடத்திலும் நண்பர்கள் வீட்டுத் திறந்தவெளியில் மழைமானி வைக்கிறோம். நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முகில் வந்த திசை, கல்லின் அளவு, விழுந்த மரத்தின் தலை எந்தப் பக்கம் என்று ஆறு பத்திகள் கொண்ட குறிப்பேடு. இடி கேட்டால் வீட்டுக்குள்ளிருந்தே பார்ப்பது, மரத்தடியில் நிற்பதில்லை. பென்னாகரத்திலும் பாப்பாரப்பட்டியிலும் ஆள் தேவை.