மூளைக்கட்டியைக் காட்டிக்கொடுக்கும் பழுப்பு நிறம்!

கீழப்பாவூர் வயலில் களை எடுக்கும் பெண்களைக் கேளுங்கள். நெல்லோடு நெல்லாக, நெல்லைப் போலவே ஒரு புல் முளைக்கும். கதிர் விடும்வரை இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவது கஷ்டம்.

மூளைக்கட்டியிலும் இப்படி உண்டு!

இரண்டு பேருடைய கட்டியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒருவர் பல ஆண்டுகள் வாழ்வார். மற்றவருக்கு மாதக் கணக்குதான். ஏன்?

1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி, நம் நாட்டின் முதல் மூளை ஆபரேஷன் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அன்று கட்டியின் குணத்தை அறிய மைக்ராஸ்கோப்தான் துணை. இந்த "ஏன்?" என்ற கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை.

132-வது மணி

பதில் 2008-ல் அமெரிக்காவில் கிடைத்தது.

நமது உடலில் "ஐ.டி.எச்.1" என்று ஒரு புரதம் இருக்கிறது. 414 மணிகள் கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலருடைய மூளைக்கட்டியில் 132-வது மணி மட்டும் மாறியிருந்தது. ஒரே ஒரு மணி! அதனால் புரதத்தின் வேலையே கெட்டு, வேண்டாத ஒரு பொருளை உண்டாக்கிக் குவிக்கிறது. கட்டிக்கு அதுவே வித்து.

ஆனால் ஓர் அதிசயம். இந்த மாற்றம் உள்ள கட்டி, இல்லாத கட்டியைவிட மெதுவாகவே வளர்கிறது!

மாறிய புரதத்தை மட்டும் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருளை, ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகர விஞ்ஞானிகள் 2009-ல் வெளியிட்டார்கள். ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதிப்பார்கள். இதற்கு "பிளாக்" என்று பெயர். அதை வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, அந்தப் பொருளை விட்டுச் சாயம் ஏற்றுவார்கள். பழுப்பு நிறம் வந்தால் மாறிய புரதம் இருக்கிறது என்று அர்த்தம்.

வராவிட்டால்? அதோடு முடிந்தது என்று எண்ணக்கூடாது. சுமார் பத்தில் ஒருவருக்கு மாற்றம் வேறு விதமாக இருக்கும். அதற்கு மரபணுப் பரிசோதனை வேண்டும். வயது குறைந்தவர்களுக்கு இது முக்கியம்.

"கி-67" என்று இன்னொரு புரதமும் ரிப்போர்ட்டில் இருக்கும். கட்டி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதை அது சொல்லும்.

பெரியவர்களுக்கு வரும் "கிளையோமா" என்ற வகைக் கட்டிக்கு, ஐ.டி.எச். பார்த்தே பெயர் வைக்க வேண்டும் என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வகுத்தது.

மாத்திரையும் வந்தது

பெயர் மாறினால் வைத்தியமும் மாறுகிறது. 2023-ல் "வோரசிடெனிப்" என்ற மாத்திரையின் சோதனை முடிவு வந்தது. ஆபரேஷன் மட்டும் செய்துகொண்ட, மெதுவாக வளரும் கட்டியுள்ள 331 பேர். எல்லோருக்கும் ஐ.டி.எச். மாற்றம் உண்டு. மருந்து சாப்பிட்டவர்களில் பாதிப்பேருக்கு 27.7 மாதம்வரை கட்டி வளரவில்லை. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப்பேருக்கு 11.1 மாதந்தான். 2024 ஆகஸ்டில் அமெரிக்கா இதை அனுமதித்தது. நோயை அடியோடு போக்கும் மருந்து அல்ல. மாற்றம் இல்லாதவருக்குப் பயனும் இல்லை.

"ஒரு சொட்டு ரத்தத்தில் இதைப் பார்க்க முடியாதா?" என்று கேட்கலாம். பெரும்பாலான மூளைக்கட்டிகளுக்கு இன்னும் சதைதான் வேண்டும்.

நம் பக்கத்து ஜனங்கள் பாளையங்கோட்டை, மதுரை, வேலூர் என்று அலையும்போது ஸ்கேன் படத்தைப் பத்திரமாகக் கொண்டுபோகிறார்கள். மெழுகு பிளாக்கை மறந்துவிடுகிறார்கள்! ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் எழுதிக் கேட்டு அதை வாங்கலாம். பல ஆண்டுகளுக்கு முந்திய பிளாக்கிலும் இந்தப் பரிசோதனையைச் செய்யலாம்.