அகிரா என்று பெயர் வைக்கலாமா?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். வேலையாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் போன் செய்தான். பையன் என்று சொல்கிறேனே தவிர, அவனுக்கு இப்போது முப்பத்து மூன்று வயது. ஆண் குழந்தை பிறந்து பதினெட்டு நாள் ஆகிறதாம்.

"டீச்சர், பிள்ளைக்கு அகிரான்னு பேர் வைக்கலாம்னு நானும் அவளும் முடிவு பண்ணிட்டோம். அப்பா ஒரேடியா குதிக்கிறார். தாத்தா பேரு கதிரேசன், அதைத்தான் வைக்கணும்ங்கிறார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பார்."

அவன் அப்பா சொன்ன காரணத்தையும் அவனே சொன்னான். "வாயில நுழையாத பேரு. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க அக்கிரமம்னுதான் கூப்பிடும்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பறை எனக்குத் தெரியும். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது!

"ஏம்ப்பா அகிரா?" என்று கேட்டேன்.

"டிராகன் பால் வரைஞ்சவர் பேரு டீச்சர். சின்ன வயசுல டிவி முன்னாடி கிடையா கிடப்பேனே. அர்த்தமும் வெளிச்சம்னு போட்டிருக்கு."

"சரி, எந்த அகிரா?" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. விளக்கமாக எழுதுகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். அவனுக்கு எழுத உட்கார்ந்ததுதான் உங்கள் எல்லோருக்குமான பதிவாக ஆகிவிட்டது.

என் தம்பி மகள் வேலைக்காக ஜப்பானிய மொழி படிக்கிறாள். அவள் நோட்டை வாங்கிப் பார்ப்பது இப்போது என் பொழுதுபோக்கு. ஆசிரியர் பயிற்சி முடித்த நாளிலிருந்து எந்த நோட்டைக் கண்டாலும் கை சிவப்பு மையைத் தேடும் பழக்கம் போகவில்லை. அங்கே தெரிந்துகொண்டது இது. ஜப்பானியர்களிடம் நம் எழுத்தைப் போல ஓசையை மட்டும் காட்டும் எழுத்தும் உண்டு. சீனாவிலிருந்து வந்த, ஒவ்வொன்றுக்கும் பொருள் உள்ள எழுத்தும் உண்டு. இரண்டாவது வகைக்குப் பெயர் கஞ்சி. நாம் குடிக்கும் கஞ்சி இல்லை, சிரிக்காதீர்கள்.

ஓசை எழுத்தில் எழுதினால் அகிரா என்பது மூன்று எழுத்து. கஞ்சியில் பெரும்பாலும் ஒரே எழுத்து. ஆனால் அந்த ஒன்று எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அகிரா என்று வாசிக்கக்கூடிய கஞ்சி எழுத்துகள் பல உண்டு. காதில் விழுவது ஒரே பெயர். காகிதத்தில் பார்த்தால் வேறு வேறு பெயர்.

திரைப்பட இயக்குநர் அகிரா குரோசாவாவை உங்களில் பலருக்குத் தெரியும். 1910-ல் பிறந்து 1998-ல் மறைந்தவர். அவருடைய 'ரஷோமான்' 1951-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கியது. அவர் பெயரில் உள்ள எழுத்தில் இடது பக்கம் சூரியன், வலது பக்கம் சந்திரன். இரண்டும் சேர்ந்து நிற்பதால் பிரகாசம் என்று பொருள். கரும்பலகையில் வரைந்து காட்டினால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும். டிராகன் பால் வரைந்த அகிரா தொரியாமா பெயரிலும் இதே எழுத்துதான். 1955-ல் பிறந்தவர், 2024-ல் காலமானார்.

1954-ல் வந்த 'காட்ஸில்லா' படத்துக்கு இசையமைத்தவர் அகிரா இஃபுகுபே. இவருடைய எழுத்தில் சூரியன் உண்டு, சந்திரன் இல்லை. பக்கத்தில் வேறொரு உறுப்பு. ஒளி விளங்குதல் என்று பொருள். 1926-ல் ஹிரோஹிட்டோ பேரரசரானபோது தொடங்கிய ஷோவா காலத்தின் முதல் எழுத்தும் இதுவே. அந்தக் காலம் தொடங்கிய சமயத்தில் பிறந்த பல பையன்களுக்கு இந்த எழுத்தைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். நம் ஊரில் ஒரு காலத்தில் பிள்ளைகளுக்குக் காந்தி, நேரு என்று வைத்தோமே, அந்த மாதிரி. ஆனால் இஃபுகுபே பிறந்தது 1914-ல். ஷோவா வருவதற்கு முன்பே அவர் வீட்டில் அந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

அகிராவுக்கு இன்னொரு எழுத்தும் இருக்கிறது. நூலின் அத்தியாயம், அடையாளச் சின்னம் என்ற பொருளெல்லாம் அதற்கு உண்டு. வேதியியலில் 2010-ல் நோபல் பரிசு பெற்ற அகிரா சுசுகிக்கு இந்த எழுத்து. இதன் வலப்பக்கத்தில் மூன்று சாய்ந்த கோடுகளைச் சேர்த்தால் தெளிவாக விளங்கித் தெரிவது என்ற பொருளில் வேறொரு எழுத்து. லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அகிரா யோஷினோவுக்கு அது. மூன்று சூரியன்களை அடுக்கிவைத்த எழுத்து ஒன்றும் உண்டு. படிகம் என்று பொருள். அதையும் அகிரா என்று வாசிக்கலாம்.

இதைத் தலைகீழாகவும் பாருங்கள். சூரியனும் சந்திரனும் உள்ள அந்த எழுத்தையே 'மெய்' என்றும் வாசிக்கலாம். அதனால் பெயர்ப் பட்டியலைக் கையில் வாங்கும் ஜப்பான் ஆசிரியர், எழுத்தை மட்டும் பார்த்து இவன் பெயர் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஓசை எழுத்தையும் எழுதி வைக்கிறார்கள். பெயருக்கு எந்த எழுத்துகளைப் பயன்படுத்தலாம் என்று அங்கே வெகு காலமாகச் சட்டம் உண்டு. எப்படி வாசிப்பது என்பதையும் குடும்பப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்ற சட்டம் 2025 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஓர் ஆளின் பெயரை எப்படிச் சொல்வது என்று தெரிய வேண்டுமென்றால் அவரைத்தான் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டும். இந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

இந்த அகிராக்களின் வாழ்க்கையைப் படித்தபோது ஓர் ஆசிரியையாக எனக்கு மனசு நிறைந்துவிட்டது. குரோசாவா சின்ன வயதில் அழுமூஞ்சி, வகுப்பில் பின்தங்கியவர். அவர் வரைந்த படத்தைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் சிரித்தபோது, தச்சிகாவா என்ற ஆசிரியர் அதை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். குரோசாவா அதைக் கிழவரான பிறகும் மறக்காமல் தன் சுயசரிதையில் எழுதினார். யோஷினோவுக்கு ஆரம்பப் பள்ளியில் ஓர் ஆசிரியர், மெழுகுவர்த்தி எரிவதைப் பற்றி ஃபாரடே எழுதிய புத்தகத்தைப் படிக்கச் சொன்னார். வேதியியல் ஆசை அங்கே பற்றிக்கொண்டது. இப்போது நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் போனில் இருக்கும் பேட்டரி வகைக்கு வழிகாட்டியவர்களில் அவரும் ஒருவர்.

காகித மடிப்புக் கலையின் பெரிய குரு அகிரா யோஷிசாவா. தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்கு வடிவியல் சொல்லிக்கொடுக்கக் காகிதத்தை மடித்துக் காட்டினார். எங்கே மடிக்க வேண்டும் என்பதைப் புள்ளிக்கோட்டாலும் அம்புக்குறியாலும் காட்டும் முறை அவர் கொடுத்தது. என்னிடம் படித்தவர்களே, வேலைக் கல்வி வகுப்பில் கப்பலும் கொக்கும் செய்தோமே, அந்தப் புத்தகத்தில் இருந்த புள்ளிக்கோடு ஞாபகம் இருக்கிறதா?

இன்னொருவர் அகிரா எண்டோ. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்து, ஒரு நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் பொருளை 1973-ல் கண்டுபிடித்தார். ஸ்டாட்டின் என்ற மருந்து வகை அங்கிருந்துதான் தொடங்கியது. டாக்டர் எழுதிக்கொடுத்து ராத்திரி நான் போடும் சின்ன மாத்திரை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவரும் 2024-ல் காலமானார். அந்தச் செய்தி வந்தபோது அவர் யார் என்றே எனக்குத் தெரியாது. தினம் ஓர் அகிராவை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்!

சரி, இனி கேட்க வேண்டும் என்ற வார்த்தைக்கு வருகிறேன். இதுவரை யாரிடமும் சொல்லாத விஷயம் இது.

1989 ஜூன் மாதம். வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது. கரிசல்காட்டுக் கிராமம், இரண்டு ஆசிரியர் பள்ளி. ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தார். கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொடச் சொன்னேன், தொட்டான். பேர் என்ன என்றேன்.

"பிச்சை, டீச்சரம்மா."

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. "இந்தக் காலத்துல பிச்சைன்னு யாராவது வைப்பாங்களா பாட்டி? நாளைக்குப் பெரிய ஆளானா கேவலமா இருக்காதா? நான் நல்ல பேரா எழுதறேன்" என்று சொல்லி, சேர்க்கைப் பதிவேட்டில் பிரகாஷ் என்று எழுதினேன். பாட்டி என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. படித்த டீச்சர் சொல்கிறபோது அவர் என்ன சொல்ல முடியும்? கைநாட்டு வைத்துவிட்டுப் போனார். நல்ல காரியம் செய்தோம் என்று அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்.

2012-ல் அவன் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தான். பிச்சை (எ) பிரகாஷ் என்று அச்சடித்திருந்தான். ஏன் என்று கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான்.

அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லையாம். அவன் பிறந்ததும் பாட்டி மடியேந்தி ஏழு வீட்டில் பிச்சை வாங்கி, அந்த அரிசியில் கஞ்சி வைத்து, சாமியிடம் பிச்சையாகக் கேட்டு வாங்கிய பிள்ளை என்று அந்தப் பெயரை வைத்தாராம். "நீங்க பேர மாத்தினதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துல எல்லாரும் பிரகாஷ்னாங்க டீச்சர். ஆயா ஒரு நாள் மதியம் கேட்டுகிட்ட வந்து பிச்சைன்னு கூப்பிட்டுச்சு. பசங்க சிரிச்சாங்க. நான் திரும்பியே பாக்கல. அன்னைக்கு சாயங்காலம், இனிமே அப்படிக் கூப்பிடாதன்னு ஆயாகிட்ட சண்டை போட்டேன். அதுக்கப்புறம் அது என்னை ஏலே, தம்பின்னுதான் கூப்பிட்டுச்சு. சாகிற வரைக்கும் பேர் சொல்லல."

அவன் என்னைக் குறை சொல்லவில்லை. காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் போனான். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பிரகாஷ் என்றாலும் வெளிச்சம்தான். அகராதியில் பார்த்தால் நல்ல பெயர். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு என்ன காரணம் இருந்தது? காதுக்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். பிச்சை என்ற பெயருக்குப் பின்னால் ஏழு வீட்டு அரிசி இருந்தது. "ஏன் பாட்டி இந்தப் பேரு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

அதனால் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். பெயர் என்பது ஓசை மட்டும் இல்லை. வைத்தவர் மனசில் எந்த எழுத்து இருந்ததோ அதுதான் பெயர். ஜப்பானியர்களுக்கு அந்த எழுத்து காகிதத்திலேயே தெரிகிறது. நமக்குத் தெரியாது, வீட்டுப் பெரியவர்கள் வாயால் சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால் அது அவர்களோடு போய்விடும்.

"வாயில நுழையலை" என்று புதுப் பெயரைக் கேலி செய்கிற பெரியவர்களும், "பட்டிக்காட்டுப் பேரு" என்று பழைய பெயரைக் கேலி செய்கிற பிள்ளைகளும் ஒரே தப்பைத்தான் செய்கிறீர்கள். இரண்டு பேருமே ஏன் என்று கேட்பதில்லை. இப்போது பள்ளியில் வேலை பார்க்கும் என் மாணவிகளுக்கும் சொல்கிறேன்: பிள்ளையின் பெயர் உங்கள் பேனாவுக்குச் சொந்தமில்லை. வீட்டில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படி எழுதுங்கள், அப்படிக் கூப்பிடுங்கள்.

அந்தப் பையனுக்கு என் பதில். அகிரா என்று வை அப்பா, தப்பில்லை. ஆனால் இணையத்தில் வெளிச்சம் என்று போட்டிருக்கிறது என்பதோடு விடாதே. சூரியனும் சந்திரனும் சேர்ந்த எழுத்தா, அத்தியாயம் என்ற எழுத்தா என்று நீயும் உன் வீட்டுக்காரியும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அந்த எழுத்தை ஒரு காகிதத்தில் வரைந்து பத்திரப்படுத்து. பிள்ளைக்கு ஐந்து வயது ஆகும்போது காட்டிச் சொல்லு. ஜப்பானியர்கள் முதலில் வரும் 'அ'வைக் கொஞ்சம் குரல் உயர்த்திச் சொல்வார்கள், கடைசி எழுத்தைக் குறிலாக முடிப்பார்கள். நாம் சொல்வது போல இழுக்க மாட்டார்கள். அதையும் தெரிந்து வைத்துக்கொள்.

உன் அப்பாவிடமும் நான் பேசினேன். கதிர் என்றாலும் ஒளிதான், நீங்கள் இரண்டு பேரும் ஒரே அர்த்தத்துக்குத்தான் சண்டை போடுகிறீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எங்கப்பாவுக்கு அந்தப் பேரு ஏன் வச்சாங்கன்னு எங்க ஆத்தா ஒரு கதை சொல்லும் டீச்சர்" என்று ஆரம்பித்தார். அரை மணி நேரம் சொன்னார். அந்தக் கதையை நான் இங்கே எழுத மாட்டேன். நீ போய் அவரிடம் கேள். கேட்டுவிட்டு வந்து பெயர் வை. எதை வைத்தாலும் என் ஆசீர்வாதம் உண்டு.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம். உங்கள் பெயரை யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று வீட்டில் கேட்டு, கீழே கமெண்டில் எழுதுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பிச்சை, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன் ஆயாவிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை உன்னிடம் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்