மொழிக்குள் ஒரு கணக்கு

சதுரங்கம், சுடோக்கு, குறுக்கெழுத்து என்று எந்தப் புதிரைக் கண்டாலும் விடாத பிள்ளைகள் எம்மவர் வீடுகளிலும் இருக்கிறார்கள். "கணக்கு மூளை, எஞ்சினியராகத்தான் வருவான்" என்று நாமும் முடிவு கட்டிவிடுகிறோம். அதே பிள்ளை சனிக்கிழமைத் தமிழ் வகுப்பென்றால் முகத்தைச் சுளிக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதோடு தமிழை விட்டுவிடுகிறது. அந்தக் கணக்கு மூளைக்குத் தமிழிலேயே வேலை கொடுக்கும் ஒரு பாடம் இருப்பது பல பெற்றோருக்குத் தெரியாது. அதுதான் மொழியியல்.

பத்து மொழி படிப்பது என்று எண்ண வேண்டாம். ஒரு மொழி எந்த விதியின்படி இயங்குகிறது என்று துப்பறிவதே இதன் வேலை. வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

வீடு, வீட்டில். காடு, காட்டில். ஆறு, ஆற்றில். ஆனால் மடுவுக்குப் போய் வந்த எவரும் 'மட்டில் திருவிழா' என்பதில்லை, 'மடுவில் திருவிழா' என்றே சொல்வார்கள். ஏன்? பிள்ளையிடம் கேளுங்கள். முதலெழுத்து நெடிலானால் இரட்டிக்கும் என்று சொல்லக்கூடும். நல்ல ஊகம். உடனே 'கிணறு' என்று சொல்லிப் பாருங்கள். 'கி' குறில்தான், ஆனாலும் கிணற்றில் என்கிறோம். ஊகம் உடைந்தது. 'வண்டு' என்றால் வண்டில், அங்கே இரட்டிப்பே இல்லை. இப்படி உடைத்து உடைத்துக் கடைசியில் விதி கைக்கு வரும். மடு, தெரு போல இரண்டே குறிலான சொல்லில் உகரம் முழுதாக ஒலிக்கிறது, அதனால் வகரம் துணைக்கு வருகிறது. மற்றவற்றில் உகரம் குறுகி மறைகிறது. அப்போது ட, ற என்பவற்றுக்கு முன் உயிரொலி இருந்தால் அவை இரட்டிக்கும், மெய் இருந்தால் இரட்டிக்கா. தொல்காப்பியத்தில் குற்றியலுகரப் புணரியல் என்று ஓர் இயலே உண்டு. ஊரில் நாம் பிரம்புக்குப் பயந்து பாடமாக்கிய அதே சங்கதிதான்!

இல்லாத இரண்டு ஊர்களின் பெயரையும் சொல்லிப் பாருங்கள்: ஞாடு, ஞடு. வீட்டில் தமிழ் கதைக்கும் பிள்ளை யாரும் சொல்லிக்கொடுக்காமலே 'ஞாட்டில்', 'ஞடுவில்' என்று சொல்லக்கூடும். அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்பவர் 1958இல் இதே உத்தியால், இல்லாத ஆங்கிலச் சொற்களைச் சிறு பிள்ளைகளிடம் கொடுத்து, அவர்கள் சொற்களை மட்டுமல்ல, விதிகளையும் அறிந்திருக்கிறார்கள் என்று காட்டினார்.

இத்தகைய புதிர்களுக்குப் போட்டியும் உண்டு. மொஸ்கோவில் 1965இல் பாடசாலை மாணவருக்காகத் தொடங்கியது. 2003இல் பல்கேரியாவில் சர்வதேச மொழியியல் ஒலிம்பியாட் ஆரம்பமானது. 2016இல் மைசூரில் நடந்தது. தனிநபர் போட்டியில் ஆறு மணி நேரம், ஐந்து புதிர்கள். கேள்விப்பட்டேயிராத மொழியொன்றின் சில வாக்கியங்களும் அவற்றின் பொருளும் தரப்படும். இலக்கணத்தை மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். முன்கூட்டி எந்த மொழியும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

தேவையில்லைதான், ஆனால் எமது பிள்ளைகள் வெறுங்கையோடு போவதில்லை. 'வீடுகளிலிருந்து' என்பது எமக்கு ஒரே சொல். துருக்கியில் இது 'எவ்லெர்தென்': எவ் வீடு, லெர் கள், தென் இருந்து. இப்படிச் சொல்லின் வாலில் வால் ஒட்டும் மொழியைக் கண்டு ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளை திகைக்கலாம். எமது பிள்ளைக்கு அது பழகிய வேலை. வகுப்பிலுள்ள துருக்கிப் பிள்ளையோடு சேர்ந்து இரு மொழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

"இதைப் படித்து என்ன உத்தியோகம்?" என்ற கேள்வி வரும். வந்தால் நியாயமே, வெறுங்கையோடு வந்து குடியேறியவர்கள் நாம். கணினி மொழிபெயர்ப்பு, பேச்சுச் சிகிச்சை, அகராதித் தொழில், மொழி கற்பித்தல் என வழிகள் உண்டு. ஆனால் பதினான்கு வயதில் அந்தக் கணக்கைப் போட வேண்டாம் என்பதே எமது எண்ணம். முதலில் பிள்ளை சுவைத்துப் பார்க்கட்டும். வட அமெரிக்காவில் 2007, அவுஸ்திரேலியாவில் 2008, பிரித்தானியாவில் 2010 முதல் மாணவர் போட்டிகள் நடந்து வருகின்றன. பாடசாலையில் கணித ஆசிரியரையோ மொழி ஆசிரியரையோ விசாரியுங்கள். பழைய வினாத்தாள்களைக் காசு கொடாமலே பெறலாம்.

அடுத்த இதழ் வரை ஒரு புதிர். ஏழு, எழுபது, எழுநூறு. எட்டு, எண்பது, எண்ணூறு. ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம். மூன்றாம் வரிசையில் என்ன நடந்திருக்கிறது? விடையைப் பிள்ளைகளே எழுதி அனுப்பட்டும், பெற்றோர் உதவக் கூடாது.