தாமதம் யாருடையது?

அறிவுக்கு ஆண், பெண் என்ற பேதமில்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆயினும் கடிதத்தின் அடியிலுள்ள பெயரைக் கண்டதும் அம்முழக்கம் எங்கே ஓடி ஒளிகிறது?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், வேலை தேடுவோருக்கு ஆலோசனை கூறும் சிறு நிறுவனமொன்றில் நிகழ்ந்ததைப் பாருங்கள். அங்கிருந்த பெண் ஆலோசகர் தாமதமாக வேலை செய்கிறார் என முதலாளி குறைகூறி வந்தார். ஒருநாள் சக ஊழியரான ஆண், இருவருக்கும் பொதுவான மின்னஞ்சற் பெட்டியிலிருந்து, தம்மை அறியாமலே அப்பெண்ணின் பெயரில் வாடிக்கையாளர் ஒருவருக்கு எழுதிவந்தார். மறுமொழியாக வந்தவை அலட்சியமும் ஏளனமுமே. தவறை உணர்ந்து சொந்தப் பெயரைத் தெரிவித்ததும், அதே வாடிக்கையாளர் நன்றி கூறி உடனுக்குடன் பதிலளித்தார். ஆலோசனை மாறவில்லை, பெயரே மாறியது! பின்னர் இருவரும் இரு வாரங்களுக்குப் பெயர்களை மாற்றிக்கொண்டனர். ஆண் திண்டாடினார், பெண்ணின் வேலையோ தங்குதடையின்றி நடந்தது. 2017இல் அந்த ஆணே இதனை உலகறியச் செய்தார்.

வட கரோலினாப் பல்கலைக்கழகமொன்றின் இணையவழி வகுப்பிலும் இவ்வாறே இரு போதனாசிரியர்களின் பெயர்களை மாற்றிச் சோதித்தனர். ஆய்வு 2014இல் வெளியாயிற்று. மாணவர் 43 பேரே; சிறிய ஆய்வுதான். இருவரும் பயிற்சிகளை ஒரே நேரத்தில் திருத்திக் கொடுத்திருந்தும், காலந்தவறாமைக்கு ஆண் பெயருக்குக் கிடைத்தது 5க்கு 4.35, பெண் பெயருக்கு 3.55.

அப்படியாயின் தாமதம் யாருடையது? நம்ப மறுத்தவன் வீணாக்கிய நேரம், நம்பப்படாதவளின் கணக்கில் எழுதப்படுகிறது. இது அநீதி அன்றோ?

ஆண் பெயரைச் சூடிக்கொண்டால் போகிறது என்பாரும் உளர். பிரித்தானியாவில் 1962இல் கணினி நிறுவனம் தொடங்கிய ஸ்டெபனி ஷேர்லி, தம் கடிதங்களுக்குப் பதில் வராமையால் ‘ஸ்டீவ்’ என்றே கையொப்பமிட்டார். அவர் வென்றார், நோய் தீரவில்லை.

நாம் மட்டும் இந்நோய்க்கு விலக்கா? விவசாயப் போதனாசிரியையின் சொல்லைத் தள்ளிவிட்டு, “ஐயா எப்போது வருவார்?” என்று காத்திருக்கும் கமக்காரருக்காக அறக்கொட்டியான் காத்திருப்பதில்லை. நட்டம் அவருக்கே.

ஆகவே முதலாளிமாருக்கு ஒன்று கூறுவோம்: பெண் ஊழியரின் மணிக்கணக்கைப் பார்க்குமுன், வந்த கடிதங்களை வாசியுங்கள். ஆலோசனை கேட்போருக்கும் ஒன்று: சொல்லை நிறுத்துப் பாருங்கள், சொன்னவரின் பெயரை அல்ல.