வளைந்த இரும்பும் நம் உயிரும்

தோட்டத்துத் தோழர்களே! முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். பட்டறையில் நிற்கும் கிழட்டு டிராக்டரைக் கொஞ்சம் பாருங்கள். செம்பனைக் குலை ஏற்றி, மேடும் பள்ளமும் சகதியுமாக வருஷக்கணக்கில் இழுத்த வண்டி. மட்கார்ட் நெளிந்திருக்கும். டிரெய்லர் மாட்டும் கொக்கி சாய்ந்திருக்கும். முன்சக்கரம் ஒன்று கிழக்கே பார்த்தால் மற்றது மேற்கே பார்க்கும்! புதுச் சாமான் கேட்டால் வரும் பதில் என்ன? "இதுக்கெல்லாம் காசு கிடையாது. காய்ச்சித் தட்டி நிமித்திடு, ஓடும்."

ஓடும். ஓட்டுகிறவன் உயிருக்கு யார் பொறுப்பு?

வளைந்ததை எல்லாம் தூக்கி எறியச் சொல்லவில்லை. நம் பட்டறைத் தோழர்கள் கைவேலை தெரிந்தவர்கள். மட்கார்ட், பானெட் போன்ற தகடுகளைப் பின்னால் கட்டை கொடுத்து, ஓரத்திலிருந்து சிறுகச் சிறுகத் தட்டினால் சரியாகிவிடும். சாதாரண இரும்புச் சட்டத்தைச் சிவக்கக் காய்ச்சி மெதுவாக நிமிர்த்தலாம். தானாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் சிலவகை எஃகு இறுகி, பிறகு படக்கென்று முறியும். வார்ப்பிரும்பை அடித்து நிமிர்த்தவே முடியாது, விரிசல்தான் விடும்.

ஆனால் ஸ்டீயரிங் கம்பி, முன் அச்சு, பிரேக் கம்பி, டிரெய்லர் கொக்கி, அதன் ஊசி இவையெல்லாம் வேறு ஜாதி. இவற்றில் பலவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே உரமேற்றியிருப்பார்கள். நெருப்பில் போட்டால் அந்த உரம் போய்விடும். கண்ணுக்கு நேராக இருக்கும், உள்ளே பலம் இருக்காது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் நாலு தடவை வளைத்தால் கையோடு வந்துவிடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே! சரிவில் குலை ஏற்றிய டிரெய்லரின் கொக்கி முறிந்தால், பின்னால் உதிரிப் பழம் பொறுக்கும் நம் பெண்களின் கதி என்ன? இந்தப் பாகங்கள் வளைந்தால் மாற்றத்தான் வேண்டும்.

விரிசல் சந்தேகமா? அழுக்கைத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, மறுபடி நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசலுக்குள் ஒளிந்த எண்ணெய் கோடாக வெளியே வரும். கோடு தெரியவில்லை என்பதற்காக வளைந்த ஸ்டீயரிங் கம்பியை நம்பிவிடாதீர்கள்.

இன்னொரு அநியாயமும் உண்டு. "நீதானே வளைச்சே, சம்பளத்துல பிடிப்போம்" என்பார்கள். பயப்படாதீர்கள். எதற்கெல்லாம் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. வளைந்த இரும்பு அதில் இல்லை.

இயந்திரத்தைப் பத்திரமாக வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். திருத்தச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் இன்னொரு உரிமையும் தந்திருக்கிறது. உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் அதை நீக்காவிட்டால், நீங்கள் அந்த வேலையிலிருந்து விலகி நிற்கலாம்.

ஆகவே வாயால் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். எந்த வண்டி, எந்தப் பாகம், என்ன கோளாறு என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்று உங்களிடமும் ஒன்று தோட்டக் கமிட்டியிடமும் இருக்கட்டும். பக்கத்தில் வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழருக்கும் சொல்லுங்கள். அந்தக் கொக்கி முறியும்போது இவன் எந்த நாட்டுக்காரன் என்று பார்க்காது.

இரும்பு வளையலாம். நாம் வளைய வேண்டாம்!