பலகைத் தமிழுக்கு ஒரு பருத்த எழுத்து

சென்னை தியாகராயநகரில், 2019-ஆம் ஆண்டு அகன்ற நடைபாதைகளோடு புதுப்பிக்கப்பட்ட பாண்டி பஜாரின் ஒரு பக்கத்தில் நின்று எதிர்வரிசைக் கடைகளின் பெயர்ப்பலகைகளை வாசிக்க முயல்பவர்களுக்கு, ஆங்கிலப் பெயர் சட்டென்று கண்ணில் பதிய, அதற்கு மேலே அதைவிட அதிக இடத்தில் எழுதப்பட்ட தமிழ்ப் பெயரோ பல கடைகளில் சற்றுக் கிட்டே போன பிறகே பிடிபடுகிறது என்பது பிரத்தியட்சமாக விளங்கும். பலகையில் தமிழுக்கு ஐந்து பங்கும், ஆங்கிலத்துக்கு மூன்று பங்கும், பிற மொழிக்கு இரண்டு பங்கும் இடம் வேண்டுமென்பது நமது மாநிலத்தின் விதி. விதி இடத்தைப் பெற்றுத் தந்துவிட்டது. அந்த இடத்தில் நிற்கும் எழுத்தின் லட்சணத்தில் நாம் இன்னும் போதிய சிரத்தை காட்டவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

இப்போது கடைக்காரர்கள் பெரிதும் விரும்புவது, வட்டத்தையும் சதுரத்தையும் நேர்கோட்டையும் ஆதாரமாகக் கொண்டு, கோடு எங்கும் ஒரே பருமனாகத் தோன்றும்படி அமைந்த பருத்த எழுத்து. ஜெர்மனியில் பால் ரென்னர் வடிவமைத்து 1927-இல் வெளிவந்த ஃபியூச்சரா இவ்வகையில் உலகப் பிரசித்தமானது. கவராயமும் அடிக்கோலும் கொண்டு வரைந்தது போலத் தோன்றும் அவ்வெழுத்திலும், வளைவு தண்டோடு சேரும் இடத்தில் கோட்டைச் சற்றே மெலியவிட்டு, கண்ணுக்குச் சமமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அளவில் சமமின்மையை அனுமதித்திருக்கிறார்கள். அந்த நுட்பத்தை அலட்சியம் செய்து, மெல்லிய தமிழ் எழுத்தொன்றைக் கணினியில் எடுத்து, ஒரு பொத்தானை அழுத்தி உள்ளும் புறமும் ஒரே அளவில் வீங்கவைத்து, ஃபிளெக்ஸில் அச்சிட்டுத் தொங்கவிடுவதுதான் இங்கே பல இடங்களில் நடக்கும் காரியம்.

மயிலாப்பூரின் இசைக்கருவிக் கடை ஒன்றில் 'வீணை' என்ற சொல்லை அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். வகரத்தில் ஒரு சுழி, ஈகாரக் குறியில் ஒன்று, ஐகாரக் குறியில் இரண்டு, ணகரத்தில் மூன்று என்று அடுக்கடுக்காக வரும் சுழிகள் யாவும் பருமனால் உள்ளே அடைபட்டு, ஏழு கரும்பொட்டுகள் மிஞ்சும். மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் தூரத்தில் ஒன்றாகிவிடும். 'பாரதி' என்ற பெயரில் ரகரத்தின் சாய்ந்த அடிக்கோட்டை அழகுக்காக வெட்டிவிட்டால் அது வெறும் காலாகி நிற்கும். எகரத்தையும் ஏகாரத்தையும் பிரிப்பது அடியிலுள்ள ஒரு சின்னக் கீற்று. அதுவும் பருமனில் கரைந்துபோகும். புள்ளியின் கதி இன்னும் மோசம்: ஆங்கிலத்தில் ஒரு புள்ளி மறைந்தால் பொருளுக்குச் சேதமில்லை, தமிழிலோ மெய்யெழுத்து உயிர்மெய்யாகி உச்சரிப்பே மாறிவிடும். இவை போதாதென்று, ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் நிற்க, நம் எழுத்துகளுக்கு 'கீ' போல மேலேயும் 'மூ' போலக் கீழேயும் இடம் தேவைப்படுவதால், சட்டம் கொடுத்த ஐந்து பங்கில் கணிசமான பகுதி அந்தக் கொம்புக்கும் வாலுக்கும் போய், நடுவுடல் சிறுத்துவிடுகிறது.

இதையெல்லாம் கண்டு, இவ்வகை எழுத்தே தமிழின் வளைவுகளுக்கு ஒவ்வாத அந்நிய சரக்கு என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மதுரைக்கு அருகே மாங்குளம் குகைகளில் காணும் தமிழ்ப் பிராமி எழுத்துகள், ஏறக்குறைய ஒரே பருமனான கோடுகளால், நேர்கோடும் வட்டமுமாகப் பாறையில் வெட்டப்பட்டவை. நம் காலத்திலேயே, தேர்தல் வந்தால் சுண்ணாம்பு பூசிய மதிலில் நூல் பிடித்துக் கோடு போட்டு, தட்டைத் தூரிகையால் ஆளுயர எழுத்துகளை எழுதிய சுவரெழுத்துக் கலைஞர்கள், எந்தச் சுழியைத் திறந்துவிட வேண்டும், எந்தக் கோட்டை ஒடுக்க வேண்டும் என்பதைக் கை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். ஃபிளெக்ஸ் வந்து அவர்கள் ஜீவனத்தைப் பறித்தபோது அந்த ஞானமும் பெருமளவு தெருவை விட்டுப் போயிற்று.

முற்றிலும் போய்விடவில்லை என்பது சந்தோஷம். மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் எழுத்துரு வடிவமைப்புக் குழுவினரின் பலூ தம்பி, தடித்த எழுத்தாக இருந்தும் சுழிகள் மூச்சுவிட இடம் வைத்திருக்கிறது. 2022-இல் அவர்கள் வெளியிட்ட அனேக் தமிழ், மெலிவு முதல் மிகுந்த பருமன் வரை படிப்படியாக விரிகிறது. பிரியா ரவிச்சந்திரனின் கேட்டமரான் எழுத்துருவும் அவ்வாறே ஒன்பது பருமன்களில் கிடைக்கிறது. மூன்றும் இலவசம். ஆகையால் கடைக்காரர்கள் செய்யவேண்டியது சொற்பமே: மாதிரியைத் திரையில் பார்த்துச் சம்மதித்துவிடாமல், தாளில் அச்சிட்டுத் தூரத்தில் நின்று வாசித்துப் பார்த்தால் போதும்.

அரசின் பொறுப்பு அதைவிடப் பெரிது. லண்டன் சுரங்க ரயிலுக்கென்று எட்வர்ட் ஜான்ஸ்டன் 1916-இல் வரைந்து கொடுத்த எழுத்தின் வழிவந்த வடிவம் இன்றும் அந்நகரத்தின் முகமாக விளங்குகிறது. திருமயிலை, அடையாறு, பனகல் பூங்கா ஆகிய இடங்களையெல்லாம் தொட்டுச் செல்லும் நமது மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பாதைகளுக்கும் அப்படி ஓர் எழுத்து வேண்டும். மெட்ரோ நிர்வாகமும் கோட்டூர்புரத்திலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகமும் கூடி, தமிழிலிருந்து தொடங்கி அதன் பிறகு ஆங்கிலத்தை அதற்கு இசைவாக அமைக்கும் ஒரு பருத்த பலகை எழுத்தை, தேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர்களையும் எஞ்சியுள்ள சுவரெழுத்துக் கலைஞர்களையும் கொண்டு உருவாக்கி, வெயிலிலும் இரவு விளக்கிலும் முதியவர்களை வாசிக்கச் செய்து சோதித்து, ஒவ்வொரு கடைக்காரரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.